முந்நூறு மீட்டருக்குள் ஒரு வீடு

கல்குவாரிக்கான உரிம ஆணையில் முத்திரை விழுந்த திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, குன்றின் தெற்குச் சரிவில் இருந்த தையல்காரியின் வீட்டுக்கு நிழல் இல்லாமல் போனது. வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த துணிகளுக்கும் நிழல் இல்லை, வீட்டைச் சுற்றி நின்ற இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கும் இல்லை. அந்த மாதம் ஜல்லியின் விலை லோடுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது; புதுக் குவாரி வந்தால் இறங்கிவிடும் என்று வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நிழல் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த நேரத்திலிருந்து அந்த வீடே யார் கண்ணிலும் படவில்லை.

கல் உடைக்க அனுமதி கேட்கும் இடத்தை நில ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்து, ஒன்பது கட்டங்கள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது விதி. நான்காம் கட்டத்தில் வெட்ட வேண்டிய மரங்கள். ஐந்தாம் கட்டத்தில் முந்நூறு மீட்டருக்குள் குடியிருக்கும் வீடுகள். ஒரு வீடு இருந்தாலும் உரிமம் கிடையாது. விதி சும்மா வந்ததில்லை. முன்பு ஒரு குன்றில் வெடி வைத்தபோது பறந்த கல், இருநூறு மீட்டர் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் தட்டில் விழுந்து, தட்டோடு அவரையும் கொண்டுபோன பிறகு வந்தது. நில ஆய்வாளர் கெட்டவர் அல்ல. குவாரிக்காரர்கள் வாங்கித் தரும் டீயைக்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் அவருக்கு இடது முட்டியில் வலி. ஆபீசில் எல்லோரும் அவரை முட்டி சார் என்றுதான் சொல்வார்கள், அவர் இல்லாதபோது வெறும் முட்டி. அந்த ஆபீசில் பழைய கோப்பைப் பார்த்துப் புதிய கோப்பை எழுதும் வழக்கம் ஒன்று இருந்தது. குன்று எங்கே ஓடிவிடப்போகிறது என்பார்கள். குன்று ஓடவில்லைதான். பத்து வருடம் முன்பு ஒருவர் அதே குன்றுக்கு விண்ணப்பித்து, பிறகு வேண்டாமென்று விட்டிருந்தார். முட்டி சார் அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, நான்காம் கட்டத்தில் இல்லை என்றும் ஐந்தாம் கட்டத்தில் இல்லை என்றும் அழகான கையெழுத்தில் எழுதினார். மரங்கள் அந்தப் பத்து வருடத்தில் வளர்ந்தவை. வீடு எட்டு வருடம் முன்பு கட்டப்பட்டது.

முத்திரை விழுந்தபோது வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். தையல்காரி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது மகள் சளிக் காய்ச்சலுக்காகப் பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தாள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, யாரும் கேட்காத கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரியின் கணவர் லாரி டிரைவர். அவர் மட்டும் நாலு நாள் லோடுக்கு வெளியே போயிருந்தார், அதனால் அவர் இருக்கிறவர்கள் பக்கத்தில் தங்கிவிட்டார்.

வியாழக்கிழமை அவர் திரும்பி வந்து, அடிவாரத்து ரோட்டு வளைவில் லாரியை நிறுத்திவிட்டு நடந்தால் பாதையைக் காணோம். வளைவு மாறிவிட்டதென்று நினைத்து இறங்கினார், மறுபடி ஏறினார், அன்று மூன்று முறை ஏறி இறங்கினார். வாசலிலிருந்து மூவரும் கூப்பிட்டார்கள். மகள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கைப்பக்கம் மட்டும் காற்று கொஞ்சம் சூடாக இருந்தது என்று அவர் பின்னால் சொன்னார். புகார் கொடுக்கப் போன இடத்தில் காவலர் முகவரியை எழுதிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார், பேனாவை மூடி வைத்தார்.

"வீடே இல்லாத எடத்துல ஆளு எப்படிப்பா காணாமப் போவாங்க?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

குன்றை விட்டுப் போக டிரைவருக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே புதுக் குவாரியில் லாரி ஓட்டச் சேர்ந்தார்.

நிலத்தைச் சுத்தம் செய்ய ரம்பங்களோடு வந்த ஆட்களுக்கு வெட்ட ஒரு மரமும் அகப்படவில்லை. காண்டிராக்டர் மகிழ்ச்சியோடு அவர்களைத் திருப்பி அனுப்பினார். மண் அள்ளும் இயந்திரம் மரங்களுக்கு ஊடே போய்வந்தது, இலைகூட அசையவில்லை. பிறகு வெடி வைத்தார்கள். பாறை அடியிலிருந்து போகப் போக, வீடும் மரங்களும் இருந்த உயரத்திலேயே நின்றுகொண்டன. எழுத்துப்படி இல்லாதவற்றை யாரும் இறக்க முடியாது. வீட்டில் இதை முதலில் கவனித்தவர் மாமனார். வாய் கொப்பளித்துப் படிக்கு அந்தப் பக்கம் துப்பிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, துப்புன தண்ணி இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு," என்றார்.

இரண்டாம் வருடம் பள்ளம் நாற்பது அடி ஆனது, நான்காம் வருடம் எண்பது. வீட்டுக்குப் பின்னால் பாறையில் தோண்டிய கிணறு, கைப்பிடி இல்லாத நீண்ட டம்ளர் மாதிரி அந்தரத்தில் நின்றது, தண்ணீர் வற்றவில்லை. ரோட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் அவர்களுக்கு மட்டும் இருந்தது. அதன் வழியே தையல்காரி ஊருக்குள் இறங்குவாள். யாரும் அவளிடம் துணி கொடுக்கவில்லை, அவள் நிற்பதே தெரியாதே. ஆகவே கொடிகளில் காயும் துணிகளில் கிழிந்ததைத் தேடிப் பிடித்துத் தைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வேலைக்குத் தக்க அரிசி எடுத்துக்கொள்வாள். காஜா பிரிந்த சட்டைக்கு அரைப் படி, முழுப் பாவாடை ஓரத்துக்கு ஒன்று. ஊரில் அந்த நான்கு வருடமும் கிழிந்த துணி உடுத்தியவர் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் மாமியார் மருமகள் தைத்ததாகவும், மருமகள் மாமியார் தைத்ததாகவும் நினைத்தார்கள். அதனால் சில வீடுகளில் சண்டை குறைந்தது.

மகள் காய்ச்சல் விட்டதும் பள்ளிக்குப் போனாள். மூன்றாம் பெஞ்சில் அவள் ஓர இடம் காலியாகவே இருந்தது. ஏனென்று தெரியாமலே மற்றப் பிள்ளைகள் அங்கே உட்காராமல் இருந்தார்கள். ஆசிரியை நாற்பதாம் பெயரைக் கூப்பிட்டார், பிறகு நாற்பத்திரண்டாம் பெயரைக் கூப்பிட்டார். நடுவில் மூச்சு விடுகிற நேரம் ஒன்று இருந்தது. மகள் அதற்குள் உள்ளேன் டீச்சர் என்று சொல்லிவிடுவாள். முதலில் சத்தமாகச் சொன்னாள், பிறகு வாய்க்குள் சொன்னாள். மூன்றாம் வருடம் போவதை நிறுத்திவிட்டாள். ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டு வரவில்லை.

முட்டி சாருக்கு மட்டும் வீடு தெரிந்தது. எழுதிய கை அவருடையது என்பதால் இருக்கலாம். டிரைவர் திரும்பி வந்த அந்த வியாழக்கிழமை டீக்கடையிலிருந்தே பார்த்தார். நிழல் இல்லாத வீட்டின் முன்னால் ஒரு பெண் வளைவை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது. மறுநாளிலிருந்து வடக்கு ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனார், நாற்பது நிமிடம் கூடுதல். வீட்டில் கேட்டதற்கு முட்டிக்கு நடை நல்லது என்றார்.

மூன்றாம் வருடம் ஒரு காலை மாமனார் கதையின் நடுவில் நிறுத்தினார், திரும்பத் தொடரவில்லை. ஊருக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. தாயும் மகளும் அவரைத் தூக்கிக்கொண்டு போய், பெரிய அத்திமரத்தடியில் கிடத்தி, கிணற்று வேலையில் மிஞ்சிய கற்களை மேலே அடுக்கினார்கள். அது முடிய மதியமானது. தையல்காரி விளிம்புக்கு வந்து நின்றாள். நேர் கீழே கணவர் அன்றைய மூன்றாவது லோடை ஏற்றிக்கொண்டிருந்தார். உங்கப்பா போயிட்டாருங்க என்று சொன்னாள். அவர் அண்ணாந்து பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வண்டியைக் கிளப்பினார்.

டிரைவர் லாரியிலேயே தூங்குவார். துவைத்த சட்டையைக் கேபினுக்குள் காயப்போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போவார். ஊர்ச் சட்டைகளையெல்லாம் தைத்த தையல்காரியால் அந்தச் சட்டையை மட்டும் தொட முடியவில்லை. நான்காம் வருடம் வெடியில் பறந்த கல் ஒன்று கேபின் கதவுக் கண்ணாடியை உடைத்தது. குவாரிக்காரர் அடுத்த வாரம் மாற்றித் தருவதாகச் சொன்னார். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு மதியம் டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்து சட்டையை மாட்டினால், மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த பை ஒட்டியிருந்தது, போன பட்டன் இருந்தது. சட்டையைக் கழற்றி உள்பக்கம் திருப்பினார். நூல் முடிகிற இடத்தில், இரண்டு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்த சின்ன முடிச்சு. கல்யாணம் ஆன புதிதில் அவர் அதைக் கேலி செய்வார்: பட்டன் போகும், சட்டை போகும், இந்த முடிச்சு மட்டும் போகாது என்று. அன்று அடுத்த லோடு போகவில்லை. மேஸ்திரி வந்து ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் உரிம ஆபீசுக்குப் போனார். கோப்புகளுக்குப் பொறுப்பான எழுத்தரை எல்லோரும் அலமாரியம்மா என்பார்கள். பதினாறு அலமாரிகளின் சாவியும் அவர் இடுப்பில் தொங்கும். டிரைவர் வீட்டு வரி ரசீதையும் சட்டையையும் மேசைமேல் வைத்தார்.

"இந்தச் சட்டையை என் பொண்டாட்டி தச்சிருக்கா, மேடம்."

"எப்ப?"

"நேத்து மத்தியானம்."

அலமாரியம்மா சட்டையைத் திருப்பிப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். எட்டாம் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து ஐந்தாம் கட்டத்தில் விரலை வைத்தார். இருபத்தாறு வருடம் கோப்புகளோடு இருந்தவர், எழுதினது நடக்கும் என்பது அவருக்குப் புதிதல்ல. வீட்டில் குடியிருப்பவர் மனு கொடுத்தால் மறு ஆய்வு உண்டு என்று சொல்லி வெள்ளைத்தாள் கொடுத்தார். டிரைவர் எழுத ஆரம்பித்தபோது தடுத்தார்.

"ஒண்ணு யோசிச்சுக்கப்பா. இப்ப வீடு ஒண்ணுன்னு எழுதிட்டா வீடு வந்துடும். கீழ தரை இல்லையே. எண்பது அடி."

டிரைவர் பேனாவோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஆபீஸ் மூடும்வரை அங்கேயே இருந்தார். குவாரிக்காரர் கேள்விப்பட்டு மறுநாள் தானே வந்து தோளில் கை போட்டுப் பேசினார். மனுஷன் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. எழுதாமல் விட்டால் மேலே எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள், எழுதினால் யாரும் இருக்க மாட்டார்கள், கண்ணால் பார்க்கிற ஆசைக்காகக் கொன்றுவிடாதே என்றார். அன்றே கேபினுக்குப் புதுக் கண்ணாடியும் போட்டுக் கொடுத்தார். டிரைவர் அந்தக் கண்ணாடியை இறக்கியே வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அந்த வெள்ளைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே லாரி ஓட்டினார். பத்தாம் நாள் நீலச் சட்டை ஒன்றையும் வெள்ளைச் சட்டை ஒன்றையும் இரண்டு அக்குளிலும் கிழித்துக் கேபினில் மாட்டினார். பள்ளத்தின் நடுவில் நின்று, வெற்று வானத்தைப் பார்த்து, எல்லா ஆட்களும் கேட்கச் சொன்னார்.

"வீடு இருக்குன்னு எழுதினா எல்லார் கண்ணுக்கும் வந்துடுவீங்க, ஆனா கீழ தரை இல்ல, விழுந்தாலும் விழும். எழுதச் சொல்லலாம்னா நீலத்தைத் தை. வேணாம்னா வெள்ளையைத் தை. நீ எதைச் சொன்னாலும் சரி."

மறுநாள் வெள்ளைச் சட்டை கிழிந்தபடி இருந்தது. நீலச் சட்டையில் ஓர் அக்குளில் அந்த முடிச்சு. மறு அக்குளில் கோணல்மாணலாக, பழகாத கை போட்ட தையல், நூல் ஒரு விரல் நீளம் மிச்சம் தொங்கியது. மகளையும் கேட்டுத்தான் முடிவு செய்திருக்கிறாள் என்று டிரைவருக்குப் புரிந்தது. நூலை அறுக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டு போய் மனுவை எழுதிக் கொடுத்தார்.

முட்டி சார் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. இரண்டு மூன்று பேர் அவரைப் பழையபடி டீக்கடையில் உட்கார்ந்தே எழுதச் சொன்னார்கள். அவர் அளவு நாடாக்களையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். குவாரியின் எல்லைக் கல்லில் டிரைவர் காத்திருந்தார். முட்டி சார் நூறு மீட்டர் நாடாக்கள் இரண்டை முடிச்சுப் போட்டு ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தார்.

"நல்லாப் புடிச்சுக்கப்பா," என்றார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும். நாலு வருசம் முன்னாடி டீக்கடையிலேருந்தே பாத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கலாம்."

டிரைவர் நாடாவை விடவில்லை. முட்டி சார் விளிம்பில் ஒரு நிமிடம் நின்று, எங்கே கால் வைக்க வேண்டும் என்று பார்த்துவிட்டு, பள்ளத்தின்மேல் நடந்து போனார். கீழே வேலை செய்தவர்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இடது காலை இழுத்து இழுத்து, நடுநடுவே நின்று மூச்சு வாங்கி, மழை நாளில் வரப்பில் போகிறவர் மாதிரி போனார். நூற்று எண்பத்து நான்காம் மீட்டரில் கண்ணுக்கு மறைந்தார். நாடா மட்டும் அந்தரத்தில் விறைப்பாக நின்றது.

வாசலில் தையல்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, அம்மா, நான் செஞ்சது என்று ஆரம்பித்தார். அவள் செம்பை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல எண்ணுங்க சார்," என்றாள்.

மகள் அவரை மரம் மரமாகக் கூட்டிப்போனாள். அவர் ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டு எண்ணினார், நூற்றுச் சொச்சத்தில் தப்பு விட்டு முதலிலிருந்து தொடங்கினார். அத்திமரத்தடியில் கற்குவியலைப் பார்த்து மகளைப் பார்த்தார். தாத்தா என்றாள். நான்கு வருடத்தில் வெளி ஆள் ஒருவர் காதில் விழுந்த அவளுடைய முதல் சொல் அது. அதையும் எழுதிக்கொண்டார். மிஞ்சியது ஆறாம் கட்டம், நிலத்தின் தன்மை. வீட்டுக்குத் தனியாகத் தளம் போட்டிருக்கவில்லை, பாறையையே செதுக்கித் தரையாக்கியிருந்தார்கள். அவர் மிஷினுக்குப் பக்கத்தில் குனிந்தார், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். சுத்தியலால் தட்டினார். உறுதியான பாறை என்ன சத்தம் தருமோ அதைத் தந்தது. முப்பத்தொரு வருட வேலையில் எந்தப் படிவத்திலும் எழுதாத விதமாக ஆறாம் கட்டத்தில் எழுதினார்: கெட்டிப் பாறை. இதன்மேல் மண்டியிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

திரும்பி வந்து படிவத்தை டிரைவரிடம் நீட்டினார். வீடு ஒன்று, தூரம் நூற்று எண்பத்து நான்கு மீட்டர், மரம் இருநூற்றுப் பன்னிரண்டு, கிணறு ஒன்று, பாதை ஒன்று, வசிப்பவர் இரண்டு, புதைமேடு ஒன்று. டிரைவர் கடைசி வரியை விட்டு நகரவில்லை.

"எப்ப சார்?"

"போன வருசம். ஒரு காலையில."

"நான் கீழதான் இருந்திருப்பேன்."

"ஆமா. இருந்தீங்களாம். உங்க சம்சாரம் விளிம்புல வந்து நின்னு சொல்லியிருக்காங்க."

டிரைவர் நாடாவை மெதுவாகச் சுற்றி, முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் தனித்தனியாக அவரிடம் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை மூன்று இருபதுக்குத் திருத்த ஆணை முத்திரைக்கு வந்தது. பள்ளத்திலிருந்து லாரிகளையும் ஆட்களையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். டிரைவர் மட்டும் வெளியே வரவில்லை. விழுந்தால் என்மேலேயே விழட்டும் என்று சொல்லிவிட்டு நேர் கீழே நின்றார். ஆபீசில் அலமாரியம்மா முத்திரையை வழக்கம்போல் ஓங்கிக் குத்தாமல், தாள்மேல் வைத்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். பள்ளத்தின் அடியில் வெளிச்சம் குறைந்தது. டிரைவர் தன் கால்களைப் பார்த்தார், அவற்றைச் சுற்றிலும் ஒரு கூரையின் நிழல் கிடந்தது, அதைச் சுற்றி இலைகளின் நிழல் அசைந்துகொண்டிருந்தது. மேலே வீடு இருந்தது. எழுதியிருந்தபடி பாறைமேல் இருந்தது. பாறைக்குக் கீழே ஒன்றும் இல்லை. மிஷின் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது, பிறகு ஒருத்தி பாதையில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

உரிமம் ரத்தானது. குவாரிக்காரர் இயந்திரங்களை எடுத்துக்கொண்டு வேறு குன்றுக்கு விண்ணப்பித்தார். அந்தப் பகுதி ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்தார் என்றும், உரிமம் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். முட்டி சார் ஓய்வு பெறுகிறவரை தெற்கு ரோடு வழியாகவே நடந்தார். டிரைவர் அத்திமரத்தடியில் நாலு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வேலைக்குப் போனார். ஜல்லி விலை மறுபடி ஏறியது.

பதினைந்து வயதில் மகள் பழைய வகுப்பிலேயே, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவே, மூன்றாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆசிரியை நாற்பதாம் பெயரைக் கூப்பிட்டார், பிறகு நாற்பத்தொன்றாம் பெயரைக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. ஆசிரியை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து மூன்றாம் பெஞ்சைப் பார்த்துக் காத்திருந்தார். வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகிவிட்டதால், சத்தம் வெளியே வர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வந்தது.

இப்போது வெயில் நாட்களில் அந்தப் பக்கம் போகும் லாரிக்காரர்கள் பள்ளத்துக்குள் வண்டியை இறக்கி நிறுத்துகிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களின் நிழல் வேறெங்கும் கிடைக்காது. கிழிந்த சட்டை வைத்திருப்பவர்கள் அதை மேலே கொடுத்துவிட்டு வந்து, தைத்து முடியும்வரை துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான்.